“நான் பார்த்தது மட்டும்தானே” என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர், வயது 24. கூடப் படித்த நண்பன் நடத்தும் டெலிகிராம் குரூப்பில் ‘நம்ம பக்கத்துப் பொண்ணு, லீக் ஆனது’ என்று ஒரு வீடியோ வந்தது. பார்த்தீர்கள். யாருக்கும் அனுப்பவில்லை. அப்புறம் மனசு உறுத்துகிறது. ‘எடுத்தவன் எவனோ, போட்டவன் எவனோ, நான் பார்த்தது மட்டும்தானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படியானால் நெட்டில் கிடக்கும் ஆபாச வீடியோ எல்லாமே தப்பா? என்மேல் கேஸ் வருமா? குரூப்பை விட்டு வெளியே வந்தால் நண்பனிடம் என்ன சொல்வது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேஸ் வருமா என்பது அவ்வளவு சிக்கலான கேள்வி இல்லை. உங்களைத் தூங்கவிடாதது நஷ்டம் யாருக்கு என்ற கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் வழக்கறிஞர். இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாக வரும் பெண்களின் வழக்குகளைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். ஜீவனாம்சம், அடிதடி, வரதட்சணை என்று வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது போன் சம்பந்தப்பட்ட வழக்குகள் நிறைய வருகின்றன. மனநல மருத்துவம் நான் படித்ததில்லை. அந்தப் பக்கம் பேச வேண்டி வரும்போது அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரிந்துவிடாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறவர். மகள் கல்லூரி விட்டு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து இலை வெட்டுவாள், சுற்றிய கட்டுகளைப் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். பழகிய பையன் வீடியோ காலை அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்து வைத்திருக்கிறான். பிரிந்ததும் வெளியே விட்டுவிட்டான். என்னிடம் வந்த அன்றைக்கு அவனுக்கு எத்தனை வருஷம் கிடைக்கும் என்று அவள் கேட்கவில்லை. “எக்கா, நீங்களும் பாத்துட்டியளா?” என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றேன். மேசையில் கிடந்த என் போனைக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். வைத்த பிறகுதான் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தாள்.

பீடிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கடைத் திண்ணையில் எப்போதும் நாலு பேர் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸில் பின் சீட்டில் யாராவது சிரித்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். ஜங்ஷனில் ஒரு கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கிறார். அவர் எதுவுமே அறியாத மனிதராக இருக்கலாம், யாரோ தெரிந்த பிள்ளையோ என்று யோசித்திருக்கலாம். அவளுக்கு அது போதும், அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் அண்ணன் செய்த முதல் காரியம் அவள் போனைப் பிடுங்கி உடைத்தது. வழக்குக்கு வேண்டிய ஆதாரத்தில் பாதி அந்தப் போனில்தான் இருந்தது. படிப்பு நின்றது. சொந்தத்துக்குள் அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்க்கப் பேச்சு நடந்தது. தப்புச் செய்தவன் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். எடுத்தவனை அவளுக்குத் தெரியும். அவன் பெயர், வீடு, அப்பா பெயர் எல்லாம் தெரியும், புகாரில் எழுத முடியும். அவனைக் கண்டால் கோபப்படுகிறாள், பயப்படுவதில்லை. அவள் பயப்படுவது உங்களை மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாரும் பார்த்தவர்களாகவே ஆகிவிடுகிறார்கள். பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், கல்லூரி ஆசிரியர், நாளைக்கு வரப்போகும் மாப்பிள்ளை வரைக்கும். நீங்கள் யாருக்கும் அனுப்பாமல், வாய் திறக்காமல், அறைக்குள் உட்கார்ந்து பார்த்ததுதான் அவள் வீதியில் நடக்க முடியாமல் போனதற்குக் காரணமான காரியம். அனுப்பாமல் இருந்ததால் இன்னும் பல பேர் பார்ப்பதைத் தடுத்திருக்கிறீர்கள், அது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘பார்த்தது மட்டும்’ என்று ஒரு தனிக் கணக்கு அவள் பக்கத்தில் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாதிரி வீடியோ வெளியே வருவதற்கு முன்னாலேயே ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாசமாக்கும். 2020-ல் வெளிச்சத்துக்கு வந்த நாகர்கோவில் வழக்கும், 2019-ல் வந்த பொள்ளாச்சி வழக்கும் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டிலும் வீடியோவைக் காட்டி ‘சொன்னபடி கேள், இல்லையென்றால் வெளியே விட்டுவிடுவேன்’ என்று மிரட்டியே பெண்களைத் திரும்பத் திரும்பச் சீரழித்தார்கள். மிரட்டுகிறவனுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? வெளியே விட்டால் ஊரே பார்க்கும் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பார்க்க ஆள் இல்லாத ஊரில் அவன் கையில் இருப்பது வெறும் போன்தான். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்கள் பிறழாமல் நின்று சாட்சி சொன்னதால்தான் அது நடந்தது. அந்த வழக்கு நடக்கும்போது ஒரு பெண்ணின் அடையாளம் வெளியானதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. பாதுகாக்க வேண்டிய இடத்திலிருந்தே பெயர் கசிகிற நிலைமையில் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சரி, நீக்கிவிட்டால் முடிந்துவிடாதா என்று தோன்றும். முடியாது என்பதுதான் இந்தத் தீங்கை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. அடிபட்டால் காயம் ஆறும், வடு இருக்கும், ஆனாலும் அடி ஒரு நாள் விழுந்தது. இங்கே அடி நிற்பதே இல்லை. 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். பழகியவன் பரப்பிய வீடியோ பல தளங்களில் ஏறியிருந்தது. 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். நீக்கினார்கள், மறுபடி வேறு தளங்களில் முளைத்தது. விசாரணையில் ஆண் போலீஸ்காரர்கள் நடுவே அந்த வீடியோவை வைத்து அந்தப் பெண்ணை அடையாளம் காட்டச் சொன்னதையும், முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயரை எழுதியதையும் நீதிபதி கடுமையாகக் கண்டித்தார். சட்டம் தெரிந்தவர், உயர்நீதிமன்றம் வரை போகத் தெரிந்தவர். அவருக்கே இந்தப் பாடு என்றால் கடையத்திலோ களக்காட்டிலோ இருக்கும் ஒரு பிள்ளை என்ன செய்யும்?

மறுபடி மறுபடி முளைப்பதற்குக் காரணம் பணம். இங்கே என் வழக்குகளில் நான் பார்த்த முறை இது. ஒரு குரூப்பில் சில நொடித் துணுக்கு ஓசியில் வரும். முழுசும் வேண்டுமென்றால் இந்த யூபிஐ எண்ணுக்கு இவ்வளவு அனுப்பு என்பார்கள். ஊர்ப் பெயரைத் தலைப்பில் போடுவது வேண்டுமென்றேதான். ‘நெல்லை’, ‘தென்காசி’ என்று போட்டால் அந்தப் பக்கத்துப் பையன்கள் பணம் கட்டுவார்கள். பல தடவை அந்த வீடியோவுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இருக்காது. எங்கோ எடுத்ததற்கு உங்கள் ஊர்ப் பெண்ணின் வாட்ஸ்அப் முகப்புப் படத்தை ஒட்டிவிடுவார்கள். இப்போது முகத்தையே மாற்றி வைக்கும் செயலிகள் வந்துவிட்டன. 2019-ல் டீப்ஃபேக் வீடியோக்களைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வில் 96 சதவீதம் ஆபாச வீடியோக்களாகவே இருந்தன. ஆகவே நீங்கள் பார்த்த பெண் நீங்கள் நினைக்கிற பெண்தானா என்பதுகூட நிச்சயம் இல்லை. பொய்யானாலும் பேர் கெடுவது மட்டும் அவளுடைய பேர்தான்.

அப்படியானால் எல்லா ஆபாச வீடியோவும் தப்பா என்று கேட்டீர்கள். நான் கலாச்சாரக் காவலர் வேலை பார்க்க வரவில்லை. பாலுணர்வு வெட்கப்பட வேண்டிய விஷயம் என்றும் நினைக்கவில்லை. ‘பொம்பளப் பிள்ள போன் வச்சிருந்தா இப்படித்தான்’ என்று பேசுகிற பேச்சு, பாதிக்கப்பட்டவளை வீட்டுக்குள் பூட்டுவதைத் தவிர வேறெதற்கும் உதவி நான் பார்த்ததில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: படத்தில் இருப்பவர் விவரம் தெரிந்து, பயமில்லாமல், இதை ஊர் பார்க்கலாம் என்று சம்மதித்தாரா? வயது வந்தவர்கள் அப்படிச் சம்மதித்து எடுப்பதும் உலகத்தில் உண்டு. அதை இங்கே பேசுவதோடு ஒன்றாக்கக் கூடாது. பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் பிரச்சனை. அமெரிக்காவில் சான்டியேகோவில் ஒரு நிறுவனம், உடையோடு மாடலிங் என்று விளம்பரம் கொடுத்து இளம் பெண்களை வரவழைத்தது. நெட்டில் வராது, வெளிநாட்டில் சிலருக்கு டிவிடியாக மட்டும் போகும் என்று சத்தியம் செய்து எடுத்து, நெட்டிலேயே போட்டது. கேமராவில் அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டு இருந்தார்கள், கையெழுத்தும் போட்டிருந்தார்கள். பார்த்த லட்சக்கணக்கான பேருக்கு அது முழுச் சம்மதமாகவே தெரிந்திருக்கும். 2020 ஜனவரியில் அவர்களில் 22 பேருக்கு ஏறத்தாழ 1.3 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பானது. நடத்தியவனுக்கு 2025 செப்டம்பரில் 27 வருஷச் சிறை. அதே 2020 டிசம்பரில், உலகத்தின் மிகப் பெரிய ஆபாசத் தளங்களில் ஒன்றுக்கு விசாவும் மாஸ்டர்கார்டும் பணப் பரிமாற்றத்தை நிறுத்தின. உடனே அந்தத் தளம், போட்டவர் யார் என்று சரிபார்க்காத வீடியோக்களை மொத்தமாக இறக்கியது. இருந்ததில் பெரும்பகுதி அதில் போய்விட்டது. அவ்வளவு காலமும் அதில் எது சம்மதத்தோடு எடுத்தது, எது திருட்டுத்தனமாக எடுத்தது என்று தளத்துக்காரர்களே பார்த்துக்கொள்ளவில்லை. ‘லீக்’ என்ற பெயரோடு வருவதற்கு இந்தச் சந்தேகமும் தேவையில்லை. அவள் சம்மதிக்கவில்லை என்பதை அந்தப் பெயரே சொல்லி விற்கிறது.

பார்க்கிறவருக்கு என்ன ஆகும் என்பதில் மட்டும் நான் நிதானமாகப் பேசுகிறேன், ஏனென்றால் இது என் துறை இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது: உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த பதிப்பில், கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை என்று ஒரு கோளாறு சேர்க்கப்பட்டது. குடி, சூதாட்டம் போன்ற அடிமைத்தனங்களோடு அதை அவர்கள் வைக்கவில்லை. உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறாகவே வைத்தார்கள். ‘நான் பாவம் செய்கிறேன்’ என்ற மனவேதனை மட்டும் இருந்தால் அது இந்த நோய் ஆகாது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டு வருத்தப்படுகிற நீங்கள் நோயாளி இல்லை. மூளையே மாறிப்போகும், பார்த்தவனெல்லாம் பலாத்காரம் செய்வான் என்கிற பேச்சுக்கு ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை. வன்முறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, தொடர்பு மிகவும் பலவீனம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, எது காரணம் எது விளைவு என்பதில் சண்டை தீரவில்லை. படத்தில் இருக்கும் பெண்ணுக்கு வரும் கேட்டில் அந்த மாதிரிச் சண்டை எதுவும் இல்லை. தூக்கமின்மை, பதற்றம், சாகத் தோன்றுவது எல்லாம் இந்தப் பெண்கள் என் எதிரே உட்கார்ந்து சொன்னவை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை, வேலையும் உறவும் கெடுகிறது என்ற நிலை உங்களுக்கோ நண்பனுக்கோ இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

இனி கேஸ். வயது வந்தவரின் வீடியோவைத் தனியாகப் பார்த்ததற்காக மட்டும் நம் நாட்டில் பொதுவாக வழக்குப் போடுவதில்லை. கேரள உயர்நீதிமன்றம் 2023-ல், பிறருக்குக் காட்டாமல் தனிமையில் ஆபாசப் படம் பார்ப்பது குற்றமாகாது என்றே சொன்னது. அனுப்பினால் கதை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் முதல் தடவையே 5 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி, எடுக்கும்போது அவள் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியவன் குற்றவாளி. ‘அவளே அனுப்பினாதானே’ என்ற வாதம் அங்கே நிற்காது. ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு 18 நிறையவில்லை என்றால் மேலே சொன்ன சலுகை எதுவும் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் தேடுவதும் பார்ப்பதும் இறக்குவதுமே குற்றம். போக்சோ சட்டம் 15-வது பிரிவில், பகிரும் நோக்கத்தோடு அழிக்காமலும் புகார் கொடுக்காமலும் வைத்திருந்தாலே அபராதம், நோக்கத்தைப் பொறுத்துச் சிறை. போனில் இறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 தொடக்கத்தில் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே வருஷம் செப்டம்பர் 23 அன்று ரத்து செய்துவிட்டது. அவளுக்கு வயது 17-ஆ 19-ஆ என்று வீடியோவைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா?

செய்ய வேண்டியது இதுதான். ஆதாரத்துக்கென்று வீடியோவை இறக்கி வைக்காதீர்கள். டெலிகிராம் தானாகவே இறக்கிச் சேமித்திருக்கலாம், அமைப்புகளில் போய் அதை அழியுங்கள். அதற்கு முன்னால் குரூப்பின் பெயர், இணைப்பு, போட்ட கணக்கின் பெயர், தேதி, நேரம், பணம் கேட்ட யூபிஐ எண் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை உங்கள் பெயர் இல்லாமலே பதியலாம். ‘ஜாக்கிரதையா இருங்க’ என்று எச்சரிக்கிறோம் என்ற நினைப்பில் வேறு குரூப்புக்குத் தள்ளாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்கிற இந்த வேலையால் வீடியோ பரவியதை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் உங்களுக்குத் தெரிந்த பெண்தான் என்றால், ‘இது நீதானா’ என்று வீடியோவை அவளுக்கே அனுப்பிவிடாதீர்கள். அப்பாவிடமோ அண்ணனிடமோ போய்ச் சொல்லாதீர்கள். போன் உடைந்த கதையைத்தான் மேலே சொன்னேன். அவள் நம்புகிற ஒரு பெண், அக்காவோ தோழியோ டீச்சரோ, அவர் மூலமாக ‘இப்படி ஒன்று ஓடுகிறது, உதவி இருக்கிறது’ என்று மட்டும் தெரிவியுங்கள். இது என் அபிப்பிராயம். சொல்லாமல் விடுவதே நல்லது என்று நினைக்கும் அனுபவஸ்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஊரெல்லாம் அறிந்த பிறகு கடைசியாக அவளுக்குத் தெரிவதைவிட இது மேல் என்று நினைக்கிறேன். அவள் புகார் கொடுக்க வந்தால் அதைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண் என்பதால் அவளுக்கு வழக்கறிஞர் இலவசம். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வரச் சொல்லுங்கள், வர முடியாவிட்டால் 15100-ல் கூப்பிடச் சொல்லுங்கள். 18 தாண்டியவர் என்றால் ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. வீடியோவை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவள் போனிலேயே அதற்குக் கைரேகை மாதிரி ஓர் எண் உருவாகி, அந்த எண் மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். யாராவது அதே வீடியோவை ஏற்றினால் தடுப்பார்கள். எல்லா நிறுவனங்களும் அதில் சேரவில்லை, வீடியோவை வெட்டி ஒட்டினால் தப்பிவிடவும் கூடும். இருந்தாலும் செய்து வைப்பது நல்லது.

கடைசியாக நண்பன். சத்தமில்லாமல் குரூப்பிலிருந்து வெளியேறுவது உங்களைக் காப்பாற்றும், அவ்வளவுதான். நேரில் போய்ப் பேசுங்கள், போனில் எழுத வேண்டாம். குரூப் அட்மின் என்பதற்காக மட்டும் மற்றவர் போட்டதற்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021-ல் சொல்லியிருக்கிறது, அதை அவன் தெரிந்து வைத்திருக்கலாம். அவனே போட்டிருந்தாலோ, பணம் அவன் கணக்குக்குப் போயிருந்தாலோ அந்தத் தீர்ப்பு அவனுக்குத் துணைக்கு வராது. அந்த வீடியோவை நீக்கி, போட்டவனை வெளியேற்ற அவனுக்கு ஒரு நாள் கொடுங்கள். கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் அந்தத் தாளில் எழுதி வைத்ததைக் கொண்டு புகாரைப் பதிந்துவிடுங்கள். உங்கள் பெயர் அதில் வராது. வீடியோவில் இருப்பவள் சிறுமியாக இருக்கலாம் என்று உங்களுக்குத் துளி சந்தேகம் இருந்தாலும் அந்த ஒரு நாளைக்கூடக் கொடுக்காதீர்கள், இன்றைக்கே பதியுங்கள்.